மூக்கு தாழ்ந்த கார்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் நானும் என் கணவரும் ஒரு கார் செய்தோம். அவர் நூற்பாலையில் ஃபிட்டர். நான் கணக்கு டீச்சர். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் பார்த்த, கூரையில்லாத இரண்டு சீட்டு பந்தயக் கார்தான் எங்களுக்கு மாதிரி. சட்டத்தை அவர் வெல்டிங் செய்தார். ஃபைபர் பாடியை இருவரும் கை தோல் உரியத் தேய்த்தோம். விபத்தில் நசுங்கிய ஒரு பழைய காரின் எஞ்சினை வாங்கிப் பொருத்தினோம்.

முதல் பயணம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு. நான்தான் ஓட்டினேன். தேரடியை நெருங்கும்போது முன்பக்கம் குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. கூட்டம் கூடிவிட்டது.

"டீச்சரம்மா, இது காரா, இட்லிக் கொப்பரையா?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

அங்கிருந்த மெக்கானிக் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் கணவரிடம்தான் பேசினார். "அண்ணாச்சி, எஞ்சின் செத்துப்போச்சு. வீட்டம்மா பேச்சக் கேட்டு ஆடாதீங்க. காயலாங்கடையில போட்டுருங்க."

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் காரைத் தார்ப்பாயால் மூடினார். "விட்டுத் தொலை ஏட்டி, ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும். அவிய சிரிக்காம இருக்கணும்னா நாம செஞ்சோம்?" என்று தார்ப்பாயை உருவி எறிந்தேன்.

அடுத்த இரண்டு மாதம் ஞாயிறுதோறும் அதே வேலை. எஞ்சின் தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினோம். தண்ணீர் பம்பை மாற்றினோம். சூடேறும்வரை தண்ணீரைத் தடுத்துவைக்கும் தெர்மோஸ்டாட்டை எடுத்தே போட்டோம். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஓட்டிப் பார்ப்போம். ஏழெட்டு கிலோமீட்டரில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிடும். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தண்ணீர் விளிம்புவரை நிற்கும். அதுதான் எனக்குப் புரியவே இல்லை.

ஒரு ஞாயிறு சோழபுரம் பக்கம் கொதித்து நின்றது. நிழலுக்காகக் கண்மாய்க் கரைச் சரிவில், மூக்கு மேலே பார்க்கும்படி தள்ளி நிறுத்தினோம். சூடு ஆறியதும் மூடியைத் திறந்தேன். உள்ளேயிருந்து கடகடவென்று குமிழ் வந்தது. தண்ணீர் மட்டம் சரசரவென்று இறங்கியது. ஒன்றரை லிட்டர் ஊற்றிய பிறகுதான் நிறைந்தது. அன்றைக்கு வீடுவரை முள் பாதியைத் தாண்டவில்லை.

அப்போதுதான் விளங்கியது. பந்தயக் காரின் அழகுக்காக மூக்கைத் தாழ்த்தியிருந்தோம். ரேடியேட்டரும் அதோடு தாழ்ந்துபோய், எஞ்சினின் உச்சியைவிடக் கீழே இருந்தது. எவ்வளவு ஊற்றினாலும் உச்சியில் காற்று மாட்டிக்கொண்டு, தண்ணீர் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. சரிவில் மூக்கு உயர்ந்ததும்தான் அந்தக் காற்று மூடிவழியாக வெளியேறியது. எஞ்சின் சாகவில்லை. தப்பு எங்களுடையது.

"எல்லாத்துக்கும் மேல ஒரு சின்ன டேங்க் வச்சு, அதுல தண்ணி ஊத்தணுங்க," என்றேன்.

"பானெட்ட அறுக்கணுமே! அம்புட்டு அழகும் போயிருமே."

"அழகா நிக்கணுமா, ஓடணுமா?"

அவரே ரம்பத்தை எடுத்துவந்தார். பாத்திரக்காரர் ஒருவர் பித்தளைத் தகட்டில் டேங்க் செய்து பற்றவைத்துக் கொடுத்தார். பானெட்டின் நடுவே அது பித்தளை நிறத்தோடு துருத்திக்கொண்டு நின்றது. பெயின்ட் அடித்து மறைக்கலாம் என்றார் என் கணவர். நான் விடவில்லை.

சித்திரை மாத உச்சி வெயிலில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓட்டினேன். மெக்கானிக் கடைமுன் எஞ்சினை அணைக்காமல் கால் மணி நேரம் நிறுத்தினேன். முள் அசையவில்லை. மெக்கானிக் எழுந்துவந்து பானெட்டையே பார்த்தார்.

"யாரு அண்ணாச்சி சொல்லிக் குடுத்தா?" என்று மறுபடியும் என் கணவரிடமே கேட்டார்.

"ஓட்டுறவிய இருக்காகள்ல, அவியட்ட கேளுங்க," என்றார் என் கணவர்.

மெக்கானிக் என் பக்கம் திரும்பி என் முகத்தைப் பார்க்கும்வரை நான் காத்திருந்தேன். அப்புறம் கியரைப் போட்டேன்.