வாப்பா நெல் விலை பார்த்த நாள்

பொய் சொல்வதில் எங்கள் வீட்டில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கொரு பெருமை இருந்தது. எட்டு வயதில் பிடித்த பெருமை, பதினெட்டு வரைக்கும் விடவில்லை.

எனக்கு மூத்தவள் ராத்தா. எங்கள் ஊர் பாலமுனையில் மற்றக் குமர்ப் பிள்ளைகள் தையல் பழக, இவள் மாமரத்தில் உமிச் சாக்கைத் தொங்கவிட்டுக் குத்திக்கொண்டிருந்தாள். சாக்குக் கிழிந்து உமி கொட்டும். உம்மா விளக்குமாற்றோடு ஓடிவருவா, கூட்டுவதற்கு அல்ல.

அந்த வருஷம் கல்முனையில் பெண் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டைப் பயிற்சி முகாம் போட்டார்கள். சேர, சம்மதக் கடிதத்தில் வாப்பாவின் கையெழுத்து வேண்டும். எங்கள் பக்கம் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போகவேண்டும். "மூக்கு உடைஞ்ச புள்ளைக்கு எந்த வாசலுக்குப் போய் மாப்பிள்ளை கேக்கிற?" என்று வாப்பா கடிதத்தை அலுமாரிக்குமேல் எறிந்துவிட்டார். ராத்தா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் வாப்பாவுக்கும் சோறு இறங்கவில்லை. ஆனால் சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்த சரித்திரம் அவருக்கு இல்லையே!

கடைசியில் வழி கண்டுபிடித்தார். பெண்களுக்கான உலகப் போட்டியின் இறுதிச் சண்டை அன்று பின்னேரம் டீவியில் வர இருந்தது. ராத்தாவின் ஆள் நீலச் சட்டைக்காரி. தலைக்கவசத்துக்குள்ளும் தலையை மூடியிருப்பாள், கை கால் தெரியாத உடுப்பு. எந்த நாட்டுக்காரி என்று எனக்குத் தெரியாது, தெரியத் தேவையும் இருக்கவில்லை.

"அவள் வெண்டா கையெழுத்து. தோத்தா இந்தக் கதையே இஞ்ச வரப்படாது" என்றார் வாப்பா.

"பந்தயம் ஹறாம்" என்றா உம்மா.

"இது பந்தயமில்ல, வாக்கு."

முதல் சுற்று முழுக்க வாப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் சுற்றில் சிவப்புச் சட்டைக்காரி எங்கள் ஆளுக்கு மூக்கிலேயே ஒன்று வைத்தாள். "இடது கையத் தூக்கு புள்ள!" என்று வாப்பா கத்தியதில் தேத்தண்ணி கவிழ்ந்தது. மூன்றாம் சுற்றும் முடிந்தது. நடுவர் இருவரின் கையையும் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார். கறண்ட் போய்விட்டது.

கறண்ட் திரும்பி வந்தால் என்று ராத்தா டீவியை விட்டு எழும்பவில்லை. ஜெனரேட்டர் ஓடும் சந்திக் கடைக்கு என்னை விரட்டினாள். அங்கே டீவியில் சிவப்புச் சட்டைக்காரி துள்ளிக்கொண்டிருந்தாள். எங்கள் ஆள் கையுறையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கும் அழுகை வந்தது. திரும்பி வரும்போது, பள்ளிவாசல் மதிலைத் தாண்டிய பிறகுதான் என்ன சொல்வதென்று முடிவெடுத்தேன். பள்ளி மதிலோரம் அந்த முடிவை எடுக்கப் பயமாக இருந்தது.

வாப்பா முற்றத்துக் கதிரையில் சாய்ந்தபடி ஃபோனை மூக்குக்குக் கிட்டப் பிடித்திருந்தார். "நெல் விலை பாக்காராம், இந்த நேரத்துல!" என்று உம்மா புறுபுறுத்தா. என்னைக் கண்டதும் ஃபோன் சட்டைப்பைக்குள் போனது.

"ஆரு, மகள், வெண்ட?"

"எங்கட ஆள்தான் வாப்பா!"

"மெய்தானா?"

"அல்லாமேல..." என்று தொடங்கினேன்.

"சத்தியம் பண்ணத் தேவல்ல!" வாப்பா அவசரமாகக் கையை உயர்த்தினார். "போய்ப் பேனையைக் கொண்டா."

ராத்தா என்னைத் தூக்கிச் சுற்றினாள். உண்மை தெரிந்த அடுத்த நாள் தொடையில் ஒரு கிள்ளு, கன்னத்தில் ஒரு முத்தம். அதற்குப் பிறகு வாப்பாவுக்குத் தெரியாமல் அந்த இரகசியத்தை நாங்கள் காத்த பாடு! டீவியில் குத்துச்சண்டைச் செய்தி வந்தால் நான் ஓடிப்போய்ச் சேனலை மாற்றுவேன். ராத்தா இரண்டு பதக்கம் எடுத்தாள். மூக்கு இன்றைக்கும் நேராகவே இருக்கிறது, மாப்பிள்ளையும் கிடைத்தார்.

பத்து வருஷம் கழித்து ஒருநாள் வாப்பாவோடு வயல் வரம்பில் நின்றேன். பயிர் முழங்கால் உயரம். "நெல் இப்ப என்ன விலை வாப்பா?" என்று சும்மா கேட்டேன். அவர் சிரித்தார். "பயிர் பச்சையா நிக்கக்குள்ள ஆரு, மகள், விலை பாக்கிற?"

குத்துச்சண்டை நடந்த அந்த மாதமும் எங்கள் வயல் இப்படித்தான் பச்சையாக நின்றது. விற்க ஒரு மணி நெல் இல்லாத மனிசன் அன்று ஃபோனில் எதைப் பார்த்தார் என்று எட்டு வயதில் எனக்கு விளங்கவில்லை.