முதல் புத்தகம் மூடிய பிறகு

செல்லையா சார் காலமான செய்தி, நான் இப்போது வேலை பார்க்கும் அகளிக்கு இரண்டு தபாலில் வந்தது. திங்கட்கிழமை அவர் மனைவி எழுதிய கடிதம் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை அதே கடிதம் மறுபடி வந்தது, ஒரு வரி கூடுதலாக: "முக்கியமான சேதிய ரெண்டு தடவ எழுதணும்னு சொல்லுவாக. அதான் இன்னொண்ணு." முதல் கடிதத்துக்கு வராத அழுகை எனக்கு இரண்டாவதில் வந்தது.

பள்ளிவாசல் என்ற மலையூருக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் எங்களோடு இருந்தவர்களுக்கு அவருடைய இந்தப் பழக்கம் தெரியும். நாங்கள் இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். தொழிலாளர் வருகைப் பதிவேட்டை அவர் எழுதுவார். சனிக்கிழமை நான் அதைப் பார்த்து நகல் எழுதுவேன். நகல் ஆபீசில் தங்காது. கீழே பாக்டரிக்குப் போய்விடும். "ஒரே கூரைக்குக் கீழ ரெண்டும் இருந்தா அது ரெண்டு இல்ல, ஒண்ணுதான்" என்பார்.

நகலுக்கு மூன்று மணி என்று மேனேஜர் குறித்திருந்தார். நான்கு மணிக்கு ஜீப் கிளம்பும். நான் மணி தவறாதவள். ஆனால் அந்த ஆடி மழையில் மேல் டிவிஷன் கங்காணி வாரத்துப் பட்டியலோடு வந்து சேர நாலரை ஆகிவிடும். செல்லையா சார் காத்திருந்து அதைப் பதிவேட்டில் ஏற்றுவார். என் நகலோ அதற்குள் மலை இறங்கியிருக்கும். நான்கு வாரம் இப்படியே போயிற்று.

வேறு வேலையாகப் பாக்டரிக்குப் போன செல்லையா சார் நகலைப் புரட்டியிருக்கிறார். திரும்பி வந்து என் மேசை முன்னால் நின்றார்.

"ஏம்மா சரசு, மேல் டிவிஷன்ல நாலு வாரமா ஒருத்தரும் வேலைக்கு வரலியா?"

"மூணு மணிக்கு எழுதச் சொன்னாங்க, எழுதினனுங்க."

"உங்க ஊரு கொழிஞ்சாம்பாறையில கடிகாரத்துக்கும் 'ங்க' போடுவீகளோ? மணியப் பாக்காதம்மா. பக்கம் முடிஞ்சு அடியில எங் கையெழுத்து விழுந்திருக்கான்னு பாரு. அப்புறம் பேனாவ எடு."

"ஜீப்பு போயிருமுங்களே?"

"திங்கக்கெழம போகட்டும். அரைகுறை நகல் போறதுக்கு வெறும் ஜீப்பு போகலாம்."

மேனேஜரை அவரே சம்மதிக்க வைத்தார். விடுபட்ட நான்கு வாரத்தையும் அவர் படிக்க நான் எழுதினேன். அது பாக்டரிக்குப் போன சில நாளில் மண் சரிந்து ஆபீசின் பின்சுவர் விழுந்தது. பதிவேடு சேற்றுக் கட்டியாகிவிட்டது.

அந்த ஆபீசில் எங்களோடு இருந்தவர்களுக்குப் பேச்சியை நினைவிருக்கும். மேல் டிவிஷனில் கொழுந்து பறித்தவள், தற்காலிக ஆள். இடைவிடாமல் வேலை செய்ததற்குப் பதிவு இருந்தால் நிரந்தரமாவாள். இல்லையென்றால் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்து அறையைக் காலி செய்ய வேண்டும். இரண்டு பிள்ளைகளோடு செல்லையா சார் முன்னால் வந்து நின்றாள்.

"அய்யா, எம் பேரும் சேத்தோட போயிருச்சா?"

"ரெண்டு எடத்துல இருந்துச்சு தாயி. ஒண்ணு போச்சு. ஒண்ணு கெட்டியா இருக்கு."

பாக்டரியிலிருந்து நகல் வந்தது. நான்கு வாரத்திலும் பேச்சி இருந்தாள், என் கையெழுத்தில். அவள் நிரந்தரமானாள். அதை எழுதியது சரசு என்று அவளிடம் சொன்னவர், முதலில் விட்டதும் சரசுதான் என்பதைச் சொல்லவில்லை. நானாகச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. "அதான் எழுதிட்டீகல்ல" என்று பேச்சி கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு போனாள்.

இன்றும் நகல் எழுத உட்காரும் முன், "மேல் டிவிஷன் வந்தாச்சுங்களா?" என்று என் வாயில் வந்துவிடுகிறது. அகளியில் ஏது மேல் டிவிஷன் என்று கூட வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்கள். ஆனாலும் யார் பட்டியல் இன்னும் வரவில்லை என்று தேடிப் பார்க்கிறார்கள். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்விதான்.

இந்தக் குறிப்பை முடித்துக் கையெழுத்திட்டுவிட்டேன். இனி அவர் மனைவிக்கு ஒரு நகல் எழுத வேண்டும். அது நாளைத் தபாலில் போகும்.