மதுரைக்கு விமானம் வராது என்று சொன்னேன்

நான் என்ன வேலைக்குப் படிக்கிறேன் என்று வாப்பா ஒருமுறை கேட்டார். விமானம் கிளம்புவதற்கு முன் தரையில் இருந்தபடி வானிலை பார்த்து, எரிபொருள் கணக்குப் போட்டு, இறங்க முடியாவிட்டால் வேறு எந்த ஊருக்குத் திருப்புவது என்று திட்டம் எழுதி, விமானியோடு சேர்ந்து கையெழுத்துப் போடுகிற வேலை என்றேன். வாப்பா முப்பது வருஷம் சவூதிக்குப் போய் வந்தவர். கேட்டுவிட்டுச் சிரித்தார். "அப்ப பிளேன் லேட்டானா நாங்க ஏசுனதெல்லாம் உன்னயத்தானா?"

ஃப்ளைட் டிஸ்பாட்சர் என்கிற அந்த வேலைக்கான பயிற்சியைச் சென்னையில் முடித்து, எழுத்துத் தேர்வுகளிலும் தேறி, ஒரு நிறுவனத்தில் பயிற்சிப் பணியாளாகச் சேர்ந்திருந்தேன். அரசு அதிகாரிகள் முன் நடக்கும் வாய்மொழித் தேர்வு மட்டும் மிச்சம். அதற்குப் படிக்கவும், சிறுநீரகம் பழுதாகிக் கிடந்த வாப்பாவைப் பார்த்துக்கொள்ளவும் விடுப்பு போட்டு எங்கள் ஊரான பெரியபட்டினத்துக்கு வந்திருந்தேன். நல்ல அடைமழைக் காலம். ஒரு வியாழக்கிழமை நான்கு மணிவாக்கில், அஸர் தொழுகை நேரத்தில் வாப்பா கண்ணை மூடி மௌத்தானார்.

துபாயில் இருந்த என் அண்ணனுக்கு, வீட்டில் காக்கா என்போம், அன்றிரவே டிக்கெட் கிடைத்தது. விடிகாலையில் சென்னை, அங்கிருந்து முதல் விமானத்தில் மதுரை. பதினோரு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பார், மதியம் ஜும்மா தொழுகை முடிந்ததும் அடக்கம் என்று பேசி வைத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே மழை கொட்டியது. கரண்ட் போய்விட்டது. எட்டு மணிக்குக் காக்கா யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டார். மதுரையில் இடிமழை, விமானத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், எப்போது எடுப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை என்றார். அதோடு லைன் அறுந்துவிட்டது.

நான் குடையோடு மொட்டைமாடிக்குப் போனேன். அங்கே மட்டும் கொஞ்சம் சிக்னல் இருந்தது. மதுரை விமான நிலையத்தின் வானிலை முன்னறிவிப்பை எடுத்தேன். பிற்பகல் இரண்டு மணி வரை இடிமழை என்று இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் 'இடையிடையே' என்று பொருள்படும் குறி ஒன்றும் இருந்தது. அதாவது மழை விட்டு விட்டுப் பெய்யும், நடுவில் இடைவெளி கிடைக்கும், அந்த இடைவெளியில் விமானம் இறங்கிவிடலாம். அந்தக் குறி எனக்குத் தெரியும். அன்றும் கண்ணில் பட்டது.

கீழே வந்தபோது மாமா, உம்மாவின் தம்பி, வாசலில் காத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பள்ளிவாசல் ஜமாஅத்தார் நான்கைந்து பேர்.

"ஏம்மா, நீ படிச்ச புள்ள. கரெக்டா சொல்லு. ஜும்மாவோட அடக்கிரலாமா, இல்ல அஸருக்கு வைப்பமா? மையவாடியில குழி வெட்ட வெட்டத் தண்ணி ஊறுது. வாப்பா உடம்பு வேற தாங்காது. அவன் அஸருக்குள்ள வந்துருவானா?"

அந்த வீட்டில் ஆண்கள் கூடி நின்று என்னிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். 'வரலாம், வராமலும் போகலாம், சொல்ல முடியாது' என்பதுதான் சரியான பதில். அப்படிச் சொன்னால் இவள் என்ன படித்தாள் என்று நினைப்பார்களே என்று தோன்றியது. வாப்பா உள்ளே வெள்ளைத் துணி போர்த்திக் கிடக்கும்போது எனக்கு அப்படித் தோன்றியது.

"மதுரைக்கு ரெண்டு மணி வரைக்கும் ஃப்ளைட் வராது மாமா. அதுக்கு மேல எடுத்தாலும் காக்கா வந்து சேரப் பொழுது சாஞ்சு மஹ்ரிபு ஆயிரும்."

"உறுதியா?"

"உறுதிதான்."

மாமா மற்றவர்களைப் பார்த்துத் தலையசைத்தார். உள்ளே போய் உம்மாவிடம் அவரே சொன்னார்.

ஜும்மா முடிந்து வாப்பாவைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் நாங்கள் வீட்டோடு இருந்தோம். நான் மறுபடி மாடிக்குப் போகவில்லை. இரண்டரை மணிக்குக் கீழேயே சிக்னல் வந்தது. என் போனில் காக்காவின் குரல் பதிவு ஒன்று வந்து விழுந்தது. காலை பத்து நாற்பதுக்கு அனுப்பியது.

"பிளேன்ல ஏறிட்டேன். மழ விட்டிருக்காம். மூணு மணிக்குள்ள வந்துருவேன், வாப்பாவ வச்சிருங்க."

போனை உம்மாவிடம் காட்டவில்லை. முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மணிக்குக் கார் வந்து நின்றது. அஸருக்கு இன்னும் பாங்கு சொல்லவில்லை. காக்கா செருப்போடு உள்ளே வந்தார். கூடத்தில் காலியாகக் கிடந்த கட்டிலைப் பார்த்தார்.

"மொகத்தக்கூடக் காட்டாம அடக்கிட்டீகளே. நான் வரமாட்டேன்னு யாரு சொன்னா?"

மாமா தரையைப் பார்த்தபடி நின்றார். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"நாந்தான் காக்கா," என்றேன்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்படியே திரும்பி, தூறலில் மையவாடிக்கு நடந்தார். ஒரு வாரம் இருந்தார். என்னோடு சாப்பிட உட்காரவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள். மூன்றாவது கேள்வியாக, போய்ச் சேரும் ஊரில் இடையிடையே இடிமழை என்று முன்னறிவிப்பு இருந்தால் என்ன செய்வாய் என்று ஒருவர் கேட்டார். வானில் வட்டமடித்துக் காத்திருக்கக் கூடுதல் எரிபொருள், திருப்புவதற்கு வேறொரு விமான நிலையம், கடைசியாக வந்த அறிக்கையை மறுபடி பார்த்தல், பிறகு விமானத்தை அனுப்புதல் என்று நிறுத்தாமல் சொன்னேன். சரி என்று எழுதிக்கொண்டார்.

தேறிவிட்டேன். உம்மாவுக்குப் போன் செய்தேன். "அல்ஹம்துலில்லாஹ்," என்றாள். பிறகு, "காக்காவுக்கு நான் சொல்லிக்கிறேன், நீ பேசாத," என்றாள்.

இரண்டு வருஷமாகச் சென்னையில் அந்த வேலையைத்தான் செய்கிறேன். மதுரைக்குப் போகும் விமானங்களும் என் மேசைக்கு வரும். காக்கா போன நோன்புப் பெருநாளுக்கு ஊருக்கு வந்தார். சென்னை, மதுரை வேண்டாம், துபாயிலிருந்து திருச்சிக்கு நேராக வரும் விமானம்தான் இப்போது தனக்கு வசதி என்று உம்மாவிடம் சொன்னாராம். நான் பெருநாளன்று போய்ச் சேர்ந்தபோது தன் மாமியார் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சலாம் சொன்னேன். பதில் சலாம் சொன்னார். சலாத்துக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மார்க்கத்தில் கூடாது அல்லவா. பிறகு தன் பிள்ளைகளைக் காரில் ஏற்றினார்.