பரமநாதன் மாஸ்டரின் பித்தளை மூடி

பிலிமத்தலாவையில் வாடகை வீட்டில் இருந்த பரமநாதன் மாஸ்டருக்கு இரண்டு விடயங்களில் அசையாத நம்பிக்கை இருந்தது. ஒன்று பௌதிகவியல். மற்றது சனங்களின் கெட்ட குணம். முதலாவதைக் கண்டியில் ஒரு பாடசாலையில் இருபத்திரண்டு வருடம் படிப்பித்தார். இரண்டாவதை எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரம் அவருக்குப் படிப்பித்தது. அப்போது அவருடைய முதல் காரை, அதன் தாங்கியிலிருந்தே உறிஞ்சி எடுத்த பெற்றோலை ஊற்றிக் கொளுத்தினார்கள். எரித்ததை மாஸ்டர் ஒருவாறு மன்னித்தார். தன் செலவில் எரித்ததை மட்டும் மன்னிக்கவில்லை.

ஆகவே, ஐம்பத்தாறில் பிறந்த இங்கிலாந்துக் கார் ஒன்றைப் பழையதாக வாங்கியதும், பெற்றோல் தாங்கிக்குப் பித்தளையில் ஒரு மூடி கடைவித்தார். பூட்டு உண்டு, உள்ளே தடித்த இறப்பர் வளையமும் உண்டு. காரோடு வந்த மூடியில் ஊசி போகிற அளவுக்கு ஒரு துளை இருந்தது. வெள்ளைக்காரனின் கவலையீனம் என்று அதை எறிந்துவிட்டார். புது மூடியின் திறப்பு அவர் கழுத்தில் உருத்திராக்கத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. காவல் வேலையில் இரண்டுக்கும் சம பங்கு.

அதன் பிறகுதான் காருக்கு வருத்தம் தொடங்கியது. நாலு மைல் வரை புது மாப்பிள்ளை போல ஓடும். பிறகு அக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வேகம் எடுக்காது. ஏற்றத்தில் திணறும், இருமும், நின்றுவிடும். பொனற்றைத் திறந்துவைத்து அரை மணித்தியாலம் தேவாரம் பாடினால், ஒன்றும் நடவாதது போல ஸ்டார்ட் ஆகும். மாஸ்டர் இதைத் தேவாரத்தின் கணக்கில் எழுதினார்.

கட்டுகஸ்தோட்டைக் கராஜ்காரர் ஹுஸைன் பிளக் மாற்றினார், பொயின்ற் மாற்றினார், காபுரேற்றரைக் கழற்றிக் கழுவினார், பெற்றோல் பம்பையும் பிரித்துப் பூட்டினார். ஆனால் மாஸ்டர் ஒழுக்கமான மனிதர். தாங்கியை நிரப்பாமல் அடுத்தவன் கராஜுக்குள் கார் கொண்டுபோக மாட்டார். சந்தியில் மூடியைத் திறந்து பெற்றோல் அடித்துவிட்டுத்தான் உள்ளே போவார். அதனால் நோயாளி ஒவ்வொரு முறையும் வைத்தியர் வாசலில் குணமாகி நின்றது. ஒருநாள் ஹுஸைன் தாங்கியையும் பார்ப்போமே என்றார். எஞ்சின் முன்னுக்குத்தானே இருக்கிறது என்று மாஸ்டர் சிரித்தார்.

"எஞ்சினுக்கு ஒரு நோவும் இல்ல சேர்," என்றார் ஹுஸைன், கையைத் துடைத்தபடி. "இது பயம் மாதிரி ஈக்கி. நாலு மைல் போனா அதுக்குப் பயம் வருது."

அந்தக் கார் ஓடியே ஆகவேண்டும் என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. மாஸ்டரின் மனைவி மங்களேஸ்வரி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தவர். இருபது அடி நடக்க முடியாது, பஸ்ஸில் ஏறவே முடியாது. இன்னொரு கலவரம் வந்தால் அவரை ஏற்றிக்கொண்டு ஓட வேறு வழியில்லை. கார் ஓடுமா என்று கிழமைக்கொரு தரம் கேட்பார். ஓடும் என்பார் மாஸ்டர். நாலு மைலைப் பற்றிச் சொல்வதில்லை.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம், கொழும்பு எரிந்த மறுநாள், வீட்டுக்காரச் சிங்கள அம்மா அழுதுகொண்டு வந்தார். மங்களேஸ்வரியின் பொட்டை அழித்து, தன்னுடைய சிங்களக் கண்டிச் சேலையை அவருக்குத் தன் கையாலேயே உடுத்திவிட்டு, உடனே போய்விடுங்கள் என்றார். அழுகையும் உண்மை, வீட்டைப் பற்றிய கவலையும் உண்மை. கண்டியில் ஒரு கோயில் மண்டபத்தில் தமிழர்களைச் சேர்க்கிறார்கள் என்று கேள்வி. ஏழு மைல்.

நாலாவது மைலில், பேராதனைப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் கார் திணறியது, இருமியது, நின்றது.

ஏழெட்டுச் சிங்கள இளைஞர்கள் சூழ்ந்துகொண்டார்கள். மாஸ்டரின் சிங்களம் சுத்தமானது, முகமும் பொதுவான முகம். வண்டி பழுதா மாத்தயா என்று மரியாதையாகவே விசாரித்தார்கள். தள்ளியும் பார்த்தார்கள், சட்டை நனையத் தள்ளினார்கள். கார் அசைந்ததே தவிர உயிர் வரவில்லை. உதவி செய்தவர்கள் பதிலுக்கு ஒன்று கேட்பது உலக வழக்கம். அவர்கள் கேட்டது இரண்டு போத்தல் பெற்றோல். போத்தலும் குழாயும் அவர்களிடமே இருந்தன. எதற்கு என்று மாஸ்டர் கேட்கவில்லை. அவர்களும் சொல்லி அவரைச் சங்கடப்படுத்தவில்லை.

உருத்திராக்கத்தைச் சட்டைக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு திறப்பை மட்டும் கழற்றினார். மூடியைத் திருகியதும் தாங்கி நீளமாக ஒரு மூச்சை உள்ளே இழுத்தது.

பால்ரின்னில் ஒரு துளை போட்டால் பால் வராது, காற்றுப் போக இன்னொரு துளை வேண்டும். இது இலங்கையில் எல்லாக் குசினிக்கும் தெரியும். மாஸ்டர் வருடா வருடம் எட்டாம் வகுப்புக்குப் பால்ரின் கொண்டுபோய் இதைச் செய்துகாட்டியவர். பெற்றோல் குறையக் குறைய உள்ளே காற்றுப் போக வழியில்லை. நாலு மைலில் பம்ப் உறிஞ்ச முடியாமல் தோற்றுப் போகிறது. எஞ்சினில் ஒரு குற்றமும் இல்லை. பிழை அவர் கடைவித்த காவலில் இருந்தது.

இரண்டு போத்தலும் நிறைந்தன. ஒருவன் காரில் சிந்தியதைச் சாரத்தின் நுனியால் துடைத்துவிட்டான். மாஸ்டர் மூடியை இறுக்காமல் வைத்துவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தார். முதல் தரத்திலேயே பிடித்தது. அக்சிலேட்டரை மிதித்தார், பாய்ந்தது. பின்னால் கை தட்டினார்கள்.

கெட்டம்பே தாண்டியதும் மங்களேஸ்வரி கேட்டார்.

"எத்தினை போத்தல் குடுத்தனீங்கள்?"

"ரெண்டு."

பின்னேரம் மண்டபத்தில் அவர்களுக்குப் பக்கத்தில் ராஜலிங்கம் என்ற இளைஞனைக் கொண்டுவந்து விட்டார்கள். பன்விலத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, பேராதனைப் பாலத்தடியில் ஒரு தமிழர் கடையில் வேலை. இடது கை தோள்வரை வெந்திருந்தது. கடையை உடைத்தவர்கள் கொளுத்த எண்ணெய் இல்லாமல் வெகுநேரம் நின்றார்களாம். பிறகு கலைந்துபோகவும் தொடங்கினார்களாம். மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்த அவனும் அண்ணனும் பிழைத்தோம் என்றே நினைத்தார்களாம்.

"எங்கிருந்தோ ரெண்டு போத்தல் வந்துச்சுங்க," என்றான். "அண்ணன் வெளிய வரலீங்க."

மங்களேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டார். ராஜலிங்கம் மரியாதை தெரிந்த பிள்ளை. தன் கதையையே சொல்லிக்கொண்டிருப்பது சரியில்லை என்று, ஐயா எப்படித் தப்பி வந்தீர்கள் என்று கேட்டான்.



"கார் நிண்டு போச்சுது, தம்பி. பிறகு ஓடிச்சுது."

"சாமி காப்பாத்திருச்சுங்க," என்றான் ராஜலிங்கம். அவனுக்கு அதில் உண்மையாகவே ஆறுதல்.