ரத்தான சவாரிக்குச் சாட்சி சொல்ல ஒருவன் வந்தான்

சென்ற ஆண்டு தவக்காலத்தில் என் கணவர் சாமுவேலை இழந்தேன். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டுமென்று செல்போன் செயலியில் பைக் டாக்சி பிடித்தார். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். "வண்டி வந்துருச்சு, கெளம்புறேன்" என்று போனில் சொன்னதுதான் கடைசிப் பேச்சு. வண்டி வேகமாகப் போய் சாலைத் தடுப்பில் மோதியது. ஓட்டிய இளைஞனுக்குக் கால் முறிந்தது. என் கணவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

நான் தற்காலிக ஆசிரியை. மகள் பிளஸ் டூ படித்தாள். அவர் வருமானத்தில்தான் குடும்பம் ஓடியது. இனி என்ன செய்வோம் என்ற பயத்தில் சோறு இறங்கவில்லை. "விசுவாசி கோர்ட்டுக்குப் போகலாமா?" என்று சிலர் கேட்டார்கள். அவர்கள் வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருந்தது, கேட்பது சுலபம். கோபத்தோடுதான் ஜெபித்தேன்: "ஆண்டவரே, எனக்கு ஒரு வழி காட்டும்."

நீதிமன்ற வளாகத்தில் இலவச சட்ட உதவி மையம் இருப்பதாகப் பள்ளியில் ஒருவர் சொன்னார். அங்கிருந்த வக்கீலம்மா பொறுமையாக விளக்கினார். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம், ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுவது பாதுகாப்பு என்றார். பிறகு போலீஸ் முதல் தகவல் அறிக்கையைப் படித்தார். அவர் முகம் மாறியது.

ஓட்டிய இளைஞன் பாண்டி, "தெரிந்தவர், லிப்ட் கொடுத்தேன்" என்று எழுதிக் கொடுத்திருந்தான்.

"அவன் வண்டிக்கு மூணாம் நபர் இன்சூரன்ஸ் மட்டுந்தாம்மா இருக்கு. லிப்டுன்னா, பின்னாடி உக்காந்தவருக்கு அது சேராதுன்னு சொல்லிருவாங்க. வாடகைச் சவாரின்னு காட்டுனா, செயலிக் கம்பெனியையும் வழக்குல சேக்கலாம்."

கணவரின் நம்பருக்குப் புது சிம் வாங்கிச் செயலியைத் திறந்தேன். அன்றைய பயணத்துக்கு நேராக 'ரத்து' என்று இருந்தது. கமிஷனை மிச்சம் பிடிக்க, ஏறியவரையே ரத்து செய்யச் சொல்லிவிட்டுக் கையில் காசு வாங்கும் பழக்கம் உண்டாம். அப்படி நடந்ததை அறிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கல்லறைத் தோட்டத்தில். இன்னொருவன் பொய் சொல்லிவிட்டான்.

அந்த நேரத்தில், விபத்து வழக்குகளுக்கு ஆள் பிடிக்கும் ஒரு தரகர் வீடு தேடி வந்தார். "கேன்சல் பண்ணச் சொல்லிப் பேசுனதக் காதால கேட்டேன்னு சொல்ல ஆள் இருக்குக்கா. நான் பாத்துக்கிடுறேன்" என்றார். சரி என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. நாளை சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு முழங்காலில் விழுந்தேன். பொய்ச் சாட்சியோடு என் மகள் முகத்தில் எப்படி விழிப்பேன்? தரகருக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகும் நிம்மதி இல்லை. நாட்கள் ஓடின, பயம்தான் கூடியது.

எங்கள் போதகரம்மா, "பாண்டி பேரச் சொல்லி ஜெபம் பண்ணுங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வேறு கதியில்லாமல் ஜெபித்தேன். அவன் கால் குணமாகட்டும், அவன் வாய் திறக்கட்டும் என்று தினமும் கேட்டேன். போதகரம்மா உசிலம்பட்டிப் பக்கம் அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்து, இதை அவனிடம் சொல்லியிருக்கிறார்.

கெடு முடிய சில நாட்களே இருந்தபோது, ஊன்றுகோலோடு ஒருவன் எங்கள் வாசலில் நின்றான். அவன்தான் பாண்டி.

"நாந்தான் கேன்சல் பண்ணச் சொன்னேன்க்கா. லைசென்ஸ் போயிருமோன்னு பயந்து லிப்டுன்னு சொல்லிட்டேன். எனக்காக நீங்க வேண்டிக்கிறீங்கன்னு அந்த அம்மா சொன்னாங்க. அதுக்குப் பெறகு என்னால வீட்டுல இருக்க முடியல."

நான் அழுதேன். அவனும் அழுதான். அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்க வேண்டும் போலவும் இருந்தது. தண்ணீர் கொடுத்தேன். கெடுவுக்குள் மனு போட்டோம், கம்பெனியையும் சேர்த்து.

தீர்ப்பாயத்தில் அவன் கூண்டேறினான். இன்சூரன்ஸ் வக்கீல் கேட்டார்: "வாடகைக்கு ஓட்டுனேன்னு ஒத்துக்கிட்டா, குடுக்குற பணத்த உன்கிட்டேயே திருப்பி வசூலிக்கலாம், தெரியுமா?"

"தெரியும் சார். நடந்தது அதுதான்."

தீர்ப்பு இன்னும் வரவில்லை. கம்பெனி ஒத்துக்கொள்ளவும் இல்லை. விசாரணைக்கு முந்தின நாள் வந்தால் எனக்கு இப்போதும் பயம்தான். வழக்கு முடிந்த பிறகு சபையில் சாட்சி சொல்லலாமே என்றார்கள். எனக்குக் கிடைத்த பதிலை ஏன் ஒளித்து வைக்க வேண்டும்?

இப்படி ஒருவரைச் சாலையில் பறிகொடுத்த வீட்டார் இங்கே இருந்தால், ஜெபம் பண்ணுங்கள். பண்ணிவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். சட்ட உதவி மையத்துக்குப் போங்கள். பொய்ச் சாட்சி கொண்டுவருகிறவனை வாசலோடு அனுப்புங்கள். கர்த்தர் கைவிடமாட்டார்.

எங்களுக்கு வரவேண்டியது வரட்டும், அது அந்தப் பிள்ளையின் தலையில் விடியக்கூடாது என்று இப்போது நானும் மகளும் சேர்ந்து ஜெபிக்கிறோம். அவனுக்காக இப்படிக் கேட்க எனக்கு வாய் வந்ததே, அதற்குத்தான் முதலில் ஸ்தோத்திரம்.