செபமாலை அண்ணையும் கல்லிடுக்குக் கற்றாழையும்

செபமாலை அண்ணை இறந்த செய்தி, சார்செலிலிருந்து வேலைக்குப் போகும் ரயிலில் எனக்கு வந்தது. அவருடைய மகள் பிரெஞ்சில் இரண்டு வரி எழுதியிருந்தாள். பாரிஸின் லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் நகரத் தோட்டமொன்றின் கண்ணாடிக்கூடத்தில் அவர் இருபது வருடங்களுக்கு மேல் கற்றாழைகளைப் பராமரித்தார் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

எங்கள் அறிமுகம் என்னுடைய பிழையில் தொடங்கியது. தமிழ்ப் பள்ளிக் கண்காட்சியில், ஆனைக்கற்றாழைத் தொட்டி ஒன்றுக்கு ‘எங்கள் மண்ணின் செடி’ என்று அட்டை எழுதி வைத்திருந்தேன். மன்னாரில் பிறந்த அவர் அதை இரண்டு தரம் வாசித்தார்.

“தங்கச்சி, இது மெக்சிக்கோச் சாமான்.”

“மன்னாரிலை வேலி முழுக்க இதுதானே, அண்ணை?”

“வேலியிலை நிண்டா எங்கடை சொந்தமோ? நீங்கள் தாவரவியல் படிச்சனீங்கள் எண்டல்லோ சொன்னவை!”

வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அட்டையைக் கிழித்தேன்.

பிறகொரு நாள் தன் கூடத்திலிருந்த சிறிய செடியொன்றைக் காட்டினார். வடகிழக்கு மெக்சிக்கோவின் வறண்ட மலைகளில், சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளில் வேரூன்றும் காட்டுக் கற்றாழை அது. தடித்த இலைகளில் தூரிகையால் இழுத்ததுபோல வெள்ளைக் கோடுகள். அதன் அறிவியற் பெயரில் ஒரு ராணி இருக்கிறார். “பேரிலை மகாராணி, சீவியம் கல்லுவெடிப்புக்கை,” என்பார். அழகுக்காக மலையிலிருந்து பிடுங்கி விற்பதால் காட்டில் அது குறைந்துவருகிறது. நான் இரக்கப்பட்டுத் தண்ணீர் விடப் போனபோது வாளியை வாங்கி வைத்துவிட்டார். “தண்ணி ஊத்துறதுதான் அன்பெண்டு நினையாதேங்கோ. இதுக்கு அது கொலை.”

போன வசந்தத்தில் அது ஆளுயரத்துக்கு மேல் பூந்தண்டு விட்டது. அந்த இனம் வாழ்நாளில் ஒருமுறைதான் பூக்கும், பூத்தபின் சாகும். பக்கக்கன்றும் இல்லை. விதை பிடித்தால்தான் உண்டு. பூக்கள் விரியும் நேரத்தில் அண்ணை ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். தெற்கிலுள்ள இன்னொரு தோட்டத்திலிருந்து அதே இனத்தின் மகரந்தத்தை அவர் ஏற்கெனவே கேட்டு வாங்கியிருந்தார். தோட்டத்தின் அனுமதியோடு, அந்த மகரந்தத்தையும் அவருடைய தூரிகையையும் எடுத்துக்கொண்டு ஏணியில் நான் ஏறினேன். தொலைபேசியில் அவர்.

“சூல்முடி பிசுபிசுக்குதோ?”

“ஓம், அண்ணை.”

“அப்ப தொடுங்கோ. சுவருக்குப் பெயின்ற் அடிக்கிற மாதிரி அடிக்காதேங்கோ.”

காய்கள் முற்றுமுன் அவர் போய்விட்டார். செடியும் அவரும் ஒன்றாகப் போனார்கள் என்று அடக்கப் பூசையில் ஒருவர் உருகினார். எனக்கு அதில் நம்பிக்கையில்லை, அவருக்கும் இருந்திராது. அவருக்கு இருந்தது புற்றுநோய். செடிக்கு அது இயல்பு.

அவருடைய முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசைக்கு முந்திய சனிக்கிழமை காய்களைப் பிரித்தேன். வெள்ளை விதை பதர், கறுப்புத்தான் முளைக்கும். முதல் இரண்டு காய்களும் முழுக்க வெள்ளை. மூன்றாவதில் கறுப்பு இருந்தது. மொத்தம் நாற்பத்தொரு கறுப்பு விதைகள். சுண்ணாம்புக்கல் கலந்த மணலில், அவருடைய கூடத்திலேயே விதைத்திருக்கிறேன். இவை பூக்கும்போது நான் இருப்பேனோ தெரியாது. விதைக்காமல் விட அது காரணமில்லை. சனிக்கிழமைகளில் போய்ப் பார்க்கிறேன்; தண்ணீரில் கஞ்சத்தனமாக இருக்கிறேன்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பவை அந்தத் தூரிகையும், எழுதுமுன் சரிபார்க்கும் பழக்கமும். விதைத்தட்டில் குத்திய அட்டையில் இப்படி எழுதினேன்: ‘பிறப்பிடம்: வடகிழக்கு மெக்சிக்கோ, சுண்ணாம்புப் பாறை வெடிப்பு. விதைக்கு வழி செய்தவர்: செபமாலை, மன்னார்.’ இரண்டையும் சரிபார்த்துவிட்டேன். இந்த அட்டையைக் கிழிக்க வேண்டியதில்லை.