அரை மணி காட்டாத கடிகாரம்

ஐம்பதுகளின் கடைசியில் என்னிடம் ஐந்து சுவிஸ் கைக்கடிகாரங்கள் இருந்தன. ஓசூரை அடுத்த தளிப் பக்கம் உருளைக்கிழங்கும் கோஸும் போட்டுக்கொண்டிருந்தவனுக்கு எதற்கு ஐந்து என்று வீட்டில் கேட்காத ஆளில்லை. மாதம் ஒருமுறை பெங்களூர் போய், ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டி முன்னால் வெகுநேரம் நிற்பேன். ஊரில் யார் கடிகாரம் நின்றாலும் என்னிடம்தான் கொண்டுவந்து காட்டுவார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

என் தங்கையின் கணவர் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் என்ஜினியர். இயந்திரப் பயிற்சிக்காக அவரை ஒரு வருடம் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பினார்கள். அதுவரை தங்கை எங்களோடு இருந்தாள். திரும்பி வந்தவர், அங்கே கட்டியிருந்த கடிகாரத்தையே கழற்றி என் கையில் வைத்தார். தங்க உறை. மணி முள் மட்டும் இரண்டு.

“ஒண்ணு நம்ம ஊர் மணி, மச்சான். இன்னொண்ணு போற ஊர் மணி. இந்தப் பொத்தானை அமுக்கினா போற ஊர் முள்ளு மட்டும் ஒரு மணி முன்னால தாவும். அந்தப் பொத்தான் பின்னால இழுக்கும்.”

கேட்டபோது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருந்தது. அவர்கள் இருவரும் பெங்களூர் போன மறுநாள், பகல் பன்னிரண்டுக்கு ரேடியோவைக் கேட்டு நம் ஊர் முள்ளைச் சரிசெய்தேன். பிறகு மற்ற முள்ளை சுவிட்சர்லாந்து மணிக்குத் தள்ளப் பார்த்தேன். நமக்குப் பன்னிரண்டு என்றால் அங்கே காலை ஏழரை. தங்கை வருடம் முழுக்கச் சொன்ன கணக்கு. முள் ஏழில் நின்றது. அமுக்கினால் எட்டுக்குப் போனது. ஏழரை வரவே இல்லை.

கெடுத்துவிட்டேனோ என்று பயமாகிவிட்டது. மாப்பிள்ளையிடம் கேட்கலாம்தான். ஊரே கடிகாரக்காரன் என்று நம்புகிறவன் இதைப் போய் எப்படிக் கேட்பது? பஸ் பிடித்து ஓசூர் போனேன். ரிப்பேர்க்காரர் கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“மணி முள்ளு எதுக்குங்க ரெண்டு? ஒண்ணு தப்பா மாட்டியிருக்குது. கழட்டிடட்டுங்களா?”

சரி என்ற சொல் வாய் வரைக்கும் வந்துவிட்டது. எந்த முள்ளைக் கழற்றுவது என்று அவர் கேட்டதும் எனக்கே குழம்பிப்போய், கடிகாரத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு பெங்களூருக்கே பஸ் ஏறினேன்.

மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். தங்கை மேஜையில் கடிகாரத்தை வைத்துப் பொத்தானை இரண்டு மூன்று தடவை அமுக்கிப் பார்த்தாள்.

“இது ரிப்பேர் இல்லண்ணா. நிமிஷ முள்ளு ஒண்ணுதானே இருக்குது? ரெண்டு ஊருக்கும் அதேதான். அந்த ஊருக்கும் நமக்கும் நாலரை மணி வித்தியாசம். அந்த அரையை இது எப்படிக் காட்டும்?”

“அப்ப இவ்வளவு ஒசந்த கடிகாரம் நம்ம ஊருக்கு மட்டும் ஒத்துவராதா?”

“செஞ்சவங்களுக்கு நம்ம அரை மணி தெரியல போல” என்றாள்.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்ததும் அவள் நேராகக் கேட்டாள்: “அங்க ஒரு வருஷம் இதைப் பாத்து எங்க ஊர் மணியை எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க?”

அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே, “அரை மணி மனசுல கூட்டிக்குவேன். சில நாள் கழிச்சுட்டேனோ என்னமோ, ஞாபகம் இல்ல” என்றார்.

“நான் இங்க கரெக்டா எண்ணிக்கிட்டு இருந்தேன். நீங்க ஞாபகம் இல்லங்கறீங்க.”

அவள் கோபப்படுகிறாளா விளையாடுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மூவரும் காபி குடித்தோம். கடைசியில் நான்தான், “இது உங்க ரெண்டு பேர்கிட்டயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு எழுந்தேன். மாப்பிள்ளை வேண்டாமென்று தடுத்தார். தங்கை தடுக்கவில்லை, அதற்குள் தன் கையில் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் மணிக்கட்டுக்கு அது ரொம்பப் பெரிது.

அடுத்த வருடம் அவரை மறுபடியும் அனுப்பினார்கள். இந்த முறை தங்கையும் கூடப் போனாள். அங்கிருந்து வந்த முதல் கடிதத்தில், “நீ இப்போது சாப்பிட உட்கார்ந்திருப்பாய்” என்று எழுதியிருந்தாள். அதன் கீழேயே, “இல்லை, அந்த அரை மணியை மறந்துவிட்டேன்” என்று திருத்தியிருந்தாள். கூட்டித் திருத்தினாளா கழித்துத் திருத்தினாளா என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு விடை வந்தது.